ஆறு சிலந்தியும் அறுபது வாட் பல்பும்

ஆறில் ஒன்று இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. உயிரோடு பிடித்துப் போட்ட கரப்பான்பூச்சி, ஜாடிக்குள் சிலந்தியின் காலைத் தாண்டித் தாண்டி உலாத்திக்கொண்டிருந்தது. அப்பாவு கண்ணாடியைத் தட்டிப் பார்த்தான். சிலந்தி அசையவில்லை. கரப்பான்தான் திரும்பிப் பார்த்தது.

சிலந்தி என்றால் வீட்டு மூலையில் வலை பின்னுகிற ஜாதி இல்லை. ஒவ்வொன்றும் விரித்த உள்ளங்கை அளவு இருந்தது, உடம்பெல்லாம் ரோமம். பெட்டிக்கடையில் பிஸ்கட் போட்டு வைக்கும் பெரிய கண்ணாடி ஜாடிகளில் ஜாடிக்கு ஒன்றாக ஆறும் அலமாரியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருக்கும் ஞானதுரை, தென்னமெரிக்கப் பக்கம் போனபோது ஆசைப்பட்டு வாங்கி வந்தவை. அவன் கல்மண்டபம் பள்ளிக்கூடத்தில் அப்பாவுவோடு ஒரே பெஞ்சில் படித்தவன். வந்த சூட்டோடு அடுத்த கப்பலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆட்டோவைக் காத்திருக்க வைத்துவிட்டு ஜாடிகளை இறக்கினான். வாரம் ரெண்டு கரப்பான், ஒரு மூடி தண்ணீர், கையால் தொடாதே, மூணு மாசத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டான்.

"அவனுக்கு அண்ணன் கீறான், அக்கா கீறா, மாமியா வூடு மூணு மாடி கீது. உன்னாண்ட இன்னாத்துக்குக் குடுத்தான்?" என்று கெங்கம்மா அன்றே புருஷனைக் கேட்டாள்.

"நம்பிக்கை," என்றான் அப்பாவு. சொல்லும்போதே நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. பதினெட்டு வருஷமாக ஐஸ் கம்பெனியில் கம்ப்ரஸர் ஓட்டுகிறவனை நம்பி இதுவரை யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை. வீட்டு ரேஷன் கார்டைக்கூடக் கெங்கம்மாதான் வைத்திருந்தாள்.

அதனால்தான் அந்தப் பட்டினிச் சிலந்தியை விட்டு அவனால் நகர முடியவில்லை. காரணம் அவனுக்கு உடனே தட்டுப்பட்டது. அவன் குடியிருந்த கம்பெனி குவார்ட்டர்ஸின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் அறை. மெட்ராஸ் முழுக்க வேர்வையில் நனைந்துகொண்டிருக்கும் சித்திரை மாதத்திலும் இந்த ஒரு வீட்டில் மட்டும் கம்பளி போர்த்தித் தூங்குவார்கள். தேங்காய் எண்ணெய் வருஷம் முழுக்கப் பாட்டிலில் உறைந்தே கிடக்கும். பாவம், ஜீவனுக்குக் குளிர்.

மூர் மார்க்கெட்டில் கிளியும் மீனும் விற்கும் அப்துல் வஹாபிடம் போய் விசாரித்தான். வஹாப் பாய் இப்படி ஒரு ஜந்துவைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கமும் அவருக்கு இல்லை.

"காட்டுப் பூச்சி. நல்ல வெயில்ல கெடந்திருக்கும். சூடு குடு நைனா, எழுந்து ஓடும்," என்றார்.

அன்று மாலையே ஜாடிக்கு ஒன்றாக ஆறு அறுபது வாட் பல்புகள் தொங்கின. வஹாப் பாய் சொன்னது பலித்தது. ஒரு மணி நேரத்தில் பட்டினிச் சிலந்தி எழுந்தது. எழுந்து போய் ஐஸ் அறைச் சுவர்ப் பக்கத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. மற்ற ஐந்தும் அப்படியே போய் ஒட்டிக்கொண்டன.

"பாத்தியா, நடுக்கம் நிக்கல," என்று கெங்கம்மாவிடம் சொல்லிவிட்டு அப்பாவு பல்புகளை நூறு வாட்டாக மாற்றினான். அவை இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டன. பக்கத்து அறை விளக்கையும் ஒயர் இழுத்து இங்கே கொண்டுவந்தான். படீர் என்று பியூஸ் போனது.

குவார்ட்டர்ஸுக்கும் கம்பெனிக்கும் ஒரே லைன். அந்தப் பக்கம் கம்ப்ரஸர் பெருமூச்சு விட்டு நின்றது. மறுபடி ஓட வைக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. அதற்குள் தொட்டியில் ஐஸ் பாதி தண்ணீராகிவிட்டது. காசிமேட்டில் ஐஸுக்காகக் காத்திருந்த நாலு விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் கரையிலேயே நின்றன. எலி ஒயரைக் கடித்துவிட்டது என்று அப்பாவு முதலாளிக்குச் சொல்லியனுப்பினான்.

வீட்டு லைன் இனி ஆகாது என்று மறுநாள் ஜாடிகளைக் கம்ப்ரஸர் அறைக்குத் தூக்கிப் போனான். அங்கே கொதிக்கிற குழாய் ஒன்று சுவரோடு ஓடுகிறது. அதன் பக்கத்தில் பலகை போட்டு ஆறையும் அடுக்கிவிட்டு, மேலே சாக்கைப் போட்டு மூடினான். கம்பெனி பிட்டர் ஜாபர், எலி கடித்த ஒயரைத் தேடிக்கொண்டு வந்து அந்தச் சாக்கைத் தூக்கினார். அடுத்த நொடி அவர் ஏணியின் உச்சியில் இருந்தார். எப்படி ஏறினார் என்பது அவருக்கே தெரியவில்லை.

"எலி எங்க கடிச்சிதுன்னு காட்டச் சொன்னா, எலியத் துன்றத காட்டுறியே மாமு," என்றார் மேலிருந்தபடியே.

ஜாடிகள் வெளியேறினால்தான் இறங்குவேன் என்றுவிட்டார். சூட்டை விட்டு ஜாடிகளை எடுக்க அப்பாவுவுக்குச் சாயங்காலம்வரை மனசு வரவில்லை. கம்ப்ரஸருக்கு எண்ணெய் விட வேண்டிய ஆள் அதுவரை ஏணியிலேயே இருந்ததால், அன்றும் ஐஸ் சரியாக உறையவில்லை.

ஜாடிகளோடு வீட்டுக்குத் திரும்பிய புருஷன் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததைக் கண்டதும் கெங்கம்மாவுக்கு மனசு இளகியது. இதுவரை அந்த அலமாரிப் பக்கமே திரும்பாதவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ரெண்டு பிள்ளை பெற்றவளுக்குச் சூடு காட்டத் தெரியாதா? உப்பை வறுத்துத் துணியில் மூட்டை கட்டி ஜாடிகளுக்கு ஒத்தடம் கொடுத்தாள். பழைய ஸ்வெட்டரை வெட்டி ஆறுக்கும் உறை தைத்தாள். ஓமம் போட்டுப் புகை காட்டினாள். புருஷனுக்கு அக்கா தங்கைகள் ஆறு பேர். அந்தப் பெயர்களையே சிலந்திகளுக்கும் வைத்துவிட்டாள். பட்டினி கிடந்து முறைக்கிறவள் மூத்த நாத்தனார். கல்யாணமாகி வெகு நாளைக்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே விஷயத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். அப்பாவுவுக்கு அதுவும் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் காலை, சூடான துணியை உள்ளே வைக்கக் கெங்கம்மா மூடியைத் திறந்தாள். மூத்த நாத்தனார் அவள் கைமேல் ஏறி, தோள் வழியாக இறங்கி, கதவிடுக்கில் புகுந்து போய்விட்டாள்.

கட்டிலுக்கடியில் தேடினார்கள். அரிசி டின்னைக் கவிழ்த்தார்கள். அப்பாவு கம்பெனிக்கு ஓடினான். வாசலில், துறைமுகத்துக்குப் போக வேண்டிய ஐஸ் கட்டிகள் தள்ளுவண்டியில் ஏற்றி நின்றன. மேலே போர்த்திய ஈரச் சாக்கில் எட்டுக் காலையும் பரப்பிச் சிலந்தி படுத்துக் கிடந்தது. விறைத்துவிட்டது என்று அப்பாவு நினைத்தான். தொடக்கூடாது என்பதெல்லாம் மறந்துபோயிற்று. இரண்டு கையாலும் அள்ளிச் சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்துப் பொத்தானைப் போட்டான்.

நிமிர்ந்தால் எதிரே முதலாளி உச்சிமாகாளி. திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள். நூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு.

"என்னவே அப்பாவு, ரெண்டு நாளா ஐஸ் கஞ்சி மாரி வருதாம்லா. போட்டுக்காரன் பூரா ஏசுதான். என்ன சங்கதி?"

அப்பாவு வோல்டேஜைப் பற்றி ஆரம்பித்தான். உடம்புச் சூடு பட்டதும் சிலந்திக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. தொப்புளைச் சுற்றியது. விலாவில் ஏறியது. ஒவ்வொரு காலும் தனித்தனியாகக் கூசியது. நாலு படகு நின்றுபோன கதையை அப்பாவு கிக்கிக்கென்று சிரித்துக்கொண்டே சொன்னான். முதலாளியின் முகம் சிவந்தது. மன்னிப்புக் கேட்கக் குனிந்தான். சிரிப்பு இன்னும் கூடியது. அப்போது காலருக்கு வெளியே ரோமக் கால்கள் இரண்டு நீண்டு, முதலாளி இருந்த திசையைத் தடவிப் பார்த்தன.

செருப்புகள் தரையில் கிடந்தன. முதலாளி ஐஸ் கட்டிமேல் நின்றார். கெங்கம்மா ஜாடியைக் கொண்டுவந்து சிலந்தியை உள்ளே விட்டு மூடும்வரை அவர் கால் மாற்றிக் கால் மாற்றி அங்கேயேதான் நின்றார். பல் கிடுகிடுக்க அங்கிருந்தே உத்தரவு போட்டார்.

"பொழுது சாயதுக்குள்ள குவார்ட்டர்ஸக் காலி பண்ணும்வே. வேலயப் பத்தி நான் எறங்கின பொறவு பேசுவோம்."

மத்தியானம் வாசலில் பாத்திரமும் பாயும் மூட்டையாகக் கிடந்தன. பக்கத்தில் ஸ்வெட்டர் போட்ட ஆறு ஜாடிகள். அவற்றை அணைத்துக்கொண்டு அப்பாவு உட்கார்ந்திருந்தபோது ஆட்டோ வந்து நின்றது. ஞானதுரை இறங்கினான். சொன்ன மூணு மாசம் முடிந்து, அவன் கப்பல் அன்று காலையில்தான் வந்திருந்தது.

அப்பாவு ஒன்றும் மறைக்கவில்லை. பல்பு, கொதிக்கிற குழாய், உப்பு ஒத்தடம், சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றியது, வீடு போனது எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கெங்கம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வூடு பூட்டா பூட்டும். நம்பிக் குடுத்தியே மாமு, குளுருதுன்னு தெரிஞ்சதுலருந்து ஒரு நிமிஷம் இதுங்கள குளுர வுடல நானு," என்றான் அப்பாவு.

ஞானதுரை ஒரு ஜாடியை எடுத்தான். சூடு தாங்காமல் கை மாற்றிக்கொண்டான். அதன் ஸ்வெட்டரைக் கழற்றினான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"பனி மலையில பொறந்ததுங்க மாமு இதுங்க, நம்மூரு சூட்டுல செத்துப்பூடுமேன்னுதான், அண்ணன் அக்கா எல்லாரையும் வுட்டுட்டு, ஐஸ் கம்பெனில கீறன்னு உன்னாண்ட குடுத்தேன்."