அரக்கு வைத்த தேர்தல்

“நான் அரக்கு வெச்சா உள்ள எறும்பு கூடப் போவாதுங்க!” என்று மார்தட்டினார் தண்டாயுதபாணி, செவ்வாய்ப்பேட்டை ஜவுளி வியாபாரிகள் சங்கத்தின் தேர்தல் அதிகாரி. வாசகரே, பூட்டுத்தொங்கிகள் என்றொரு இனம் உண்டு. வாசலைப் பூட்டி, பூட்டை இழுத்து, அதில் தொங்கி, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை தொங்கிவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். கொல்லைக் கதவா? அது பாட்டுக்குத் திறந்து கிடக்கும்.

சங்கத்தில் இம்முறை ஓட்டுப் போட நான்கு கம்ப்யூட்டர்கள். தண்டாயுதபாணி அவற்றுக்கு நூல் சுற்றி, அரக்கு உருக்கி, வேட்பாளர்களிடம் கையெழுத்தும் வாங்கினார். ஓர் இடுக்கு தப்பவில்லை.

கம்ப்யூட்டர்களை அமைத்த நர்மதா சொல்லிப் பார்த்தாள்: “இதுக்குள்ள ஒண்ணுமே இல்லீங்க. ஆன் பண்ணுனா, ‘புரோகிராம் குடு’ன்னு ஒயர்ல கேக்கும். மொதல்ல யாரு குடுக்கறாங்களோ, அதையே நம்பி ஓடும். நீங்க காக்க வேண்டியது ஒயரைங்க.”

“ஒயர்ல கரண்ட் வரும் அம்மிணி. கள்ள ஓட்டா வரும்?”

கூட்டம் சிரித்தது. அரக்குச் சட்டி கையிலிருப்பவரிடம் அறிவு பேசலாமா?

அன்வர் பாட்சா மட்டும் சிரிக்கவில்லை. செயலாளர் பதவிக்குப் போன தடவை ஒரே ஓட்டில் தோற்று, இம்முறையும் நிற்பவர்.

தேர்தலன்று காலை அதிகாரி முத்திரைகளைத் தடவிப் பார்த்தார். திரையை? அது அவர் இலாகா இல்லை. முதல் ஆளாக மறைப்புக்குள் போன அன்வர், தன் எண்ணான மூன்றை அழுத்தினார். ‘தவறு. மீண்டும் முயல்க’ என்றது திரை. மறுபடி அழுத்தினார். ‘விரல்களைச் சரியான இடத்தில் வைக்கவும்.’

“அண்ணே, எனக்கு நானே ஓட்டுப் போட்டா தப்புங்குதே!”

“முத்திரை உடையல பாய். தேர்தல் செல்லும். அடுத்த ஆளு வாங்க!”

அப்படியே அறுபது பேர் ‘தவறு’ வாங்கினார்கள். நர்மதா ஓடிவந்து திரையைப் பார்த்தாள். “இது கீழ இருக்கற டைப்பிங் சென்டரோட பாடமுங்க! நம்ம மெஷின் கேட்டதுக்கு அவங்க கம்ப்யூட்டர் முந்திக்கிட்டுக் குடுத்திருக்கு. ரெண்டையும் ஒயர் போட்டுச் சேத்தது யாருங்க?”

“அப்ப எங்க ஓட்டு?” என்றார் அன்வர். “பாடம் வந்ததால தெரிஞ்சுது. அச்சு அசலா நம்ம ஓட்டுப் புரோகிராம் மாதிரியே ஒரு கள்ளப் புரோகிராம் வந்திருந்தா?”

தண்டாயுதபாணி ஒரே மூச்சில் தேர்தலை ரத்து செய்தார். அடுத்த ஞாயிறு காகிதச் சீட்டு என்றார். கூட்டம் கலைந்ததும் பூனைபோல் கீழே இறங்கி, டைப்பிங் சென்டரின் இணையப் பெட்டியிலிருந்து மேலே சங்கத்துக்குப் போன ஒரு நீல ஒயரைப் பிடுங்கினார். தாம் அரக்கு வைக்கும் வைபவத்தை மேட்டூர் சம்பந்தி வீட்டுக்கு நேரலையில் காட்ட, முந்தின நாள் இணைய வசதி கேட்டுத் தம் கையாலேயே சொருகிய ஒயர்.

சிரிக்கிறீர்களே, உங்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டைப் பக்கத்து வீட்டுக்குச் சொன்னது யார்?