முக்கால் மேரி விட்ட நாலாவது வரிசை

இரத்தோட்டைப் பக்கத்து மிளகுத் தோட்டங்களில் முக்கால் மேரியைப் போல நியாயமாக வேலை செய்த பொம்பளை இன்னொருத்தி கிடையாது. வாங்கின கூலிக்கு மேலே ஒரு பிடி புல்கூட வெட்ட மாட்டாள்.

எங்கள் தோட்டத்தில் ஆம்பளைக்கு முழுக் கூலி, பொம்பளைக்கு முக்கால் கூலி. குழி வெட்டினாலும் அப்படித்தான், மூட்டை தூக்கினாலும் அப்படித்தான். மற்றப் பொம்பளைகள் நாங்கள் வாயை மூடிக்கொண்டு வாங்கினோம். மேரி மட்டும் மூன்று வரிசை புல் வெட்டி, நாலாவதை அப்படியே விட்டுவிடுவாள். அரைகுறையாகச் சிரைத்த தாடி மாதிரி நிற்கும் தோட்டம்.

முதலாளி ஒருநாள் கத்தினார். "என்னா புள்ள இது? நாலாவது வரிசைய யாரு வெட்டுறது?"

"அது ஆம்பளைங்க வரிசைங்க முதலாளி. அதுக்கு எனக்குக் கூலி வரலையே."

வேலைக்கு நடுவில் பிளேன்டி, பால் விடாத தேத்தண்ணி, ஊற்றுவதும் அவள்தான். எங்களுக்கு விளிம்பு தளும்ப ஊற்றுவாள். முதலாளிக்கும் ஆம்பளைகளுக்கும் முக்கால் கோப்பை. ஏன் என்று கேட்டால், "பொம்பளை கையால ஊத்துனா அவ்வளவுதாங்க வரும்" என்பாள்.

போன வருஷம் கோயிலுக்குக் கட்டும் சீலையை உடுத்திக்கொண்டு, பஸ் ஏறி மாத்தளைத் தொழில் கந்தோருக்கே போய், அங்கிருந்த அதிகாரிகளிடம் முக்கால் கூலிக் கதையைச் சொல்லிவிட்டாள். அங்கிருந்து ஓர் ஐயா விசாரிக்க வந்தார்.

"ஒரே வேலைக்கு ரெண்டு கூலி குடுக்கக் கூடாது, சட்டம் இருக்கு. ஆனா ஒரே வேலைதான்னு இன்னொருத்தரும் சொல்லணும்."

மேரி என்னைக் காட்டினாள். "இந்த அக்காவக் கேளுங்க சார். படிச்சவங்க."

என் பெயரை எழுதத் தெரியும், அவ்வளவுதான் என் படிப்பு. அந்தத் தோட்டத்தில் அதுவே பெரிய படிப்பு. தலையை நிமிர்த்தினேன். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த வயதில் வேறு யார் எனக்கு வேலை தருவார்கள்? காலையில் குழி வெட்டின மண் இன்னும் நகத்தில் இருந்தது.

"பொம்பளைங்களுக்கு லேசான வேலைதாங்க சார்" என்றேன். கீழே கையெழுத்தும் போட்டேன், அழகாக.

ஐயா போனதும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி மேரியிடம் சொல்லிவிட்டார்.  அவள் கேத்தலை எடுத்து மூன்று மணிப் பிளேன்டியை ஊற்றிக்கொண்டு வந்தாள். என் முறை வந்தது. முக்காலில் நிறுத்துவாள் என்று பார்த்தேன். நிறுத்தியிருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

விளிம்பு தளும்ப ஊற்றிவிட்டு, "சுடும் யக்கா, பாத்து" என்றாள்.