ஆட்சேபனைக்கு இடமில்லாத சிரிப்புப் படம்

மலையக மக்கள் சிரிக்க வேண்டும் என்று மேலிடத்தில் தீர்மானமாகிவிட்டது. ஆகவே பதுளையிலிருந்த கலை மேம்பாட்டுப் பிரிவு ஒன்று, ஓர் இசைக்குழுவின் கச்சேரிப் பயணத்தைப் பாட்டும் கூத்துமாகப் படம் எடுக்க முன்வந்தது. கதை சொல்ல அக்குழுவின் பாடகி, தெமோதரைத் தோட்டத்துப் பிரஷாந்தினியை அழைத்தார்கள். திருவிழாவுக்குத் திருவிழா லொறியேறிப் போய்ப் பாடுகிறவளுக்குக் கதைக்கா பஞ்சம்? தன் வாழ்க்கை திரையில் வரப்போகிறதென்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டாள்.

"பசறை வளைவுல ரோட்டுக் குழியில எறங்கி லொறி நின்னுபோச்சுங்க. எல்லாரும் எறங்கித் தள்ளுனோம். அது எங்கள விட்டுட்டுக் கெளம்பிருச்சு! கச்சேரிக்கு டிரம்ஸ் மட்டும்தான் போய்ச் சேந்துச்சு."

அதிகாரி ஜெயராசா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அருமை. ஆனா வெட்டணும். வீதிப் பிரிவுக்காரங்க மனம் புண்படும்," என்றார்.

"பெரகல மேடையில காலுல அட்டை ஏறிருச்சுங்க. நான் குதிச்ச குதிய டான்ஸுன்னு நெனச்சு ஒன்ஸ்மோர் கேட்டாங்க."

அவருக்குப் புரையேறிவிட்டது. "அட்டையக் காட்டுனா சுற்றுலாப் பயணி வருவானா? வெட்டணும்."

"தலைவர் ஒருத்தர் குடிச்சிட்டு வந்து, எனக்குப் போட வேண்டிய மாலைய மைக்குக்குப் போட்டு..."

ஜெயராசா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

இவ்வாறாக எவர் மனமும் புண்படாதவாறு செப்பனிடப்பட்ட படம் பதுளையில் திரையிடப்பட்டது. குழுவினர் புது பஸ்ஸில் ஏறினார்கள், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள், பாடினார்கள், அதிகாரிகளுக்கு நன்றி சொன்னார்கள். நடுநடுவே வெள்ளை உடுப்பில் தேயிலைக்குள் ஆடினார்கள். மண்டபத்தில் இருமல் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏன்டி, இதுல நீ எங்கடி இருக்க?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு இராக்கம்மா.

ஜெயராசா வியர்த்து வழிய ஓடிவந்தார். "மேலிடத்துப் பெரியவர் முன்வரிசையில இருக்காரு, யாருமே சிரிக்கலியே! என்னைய மாத்திருவாங்க பிள்ளை, ஏதாவது செய்!"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பிரஷாந்தினி இருட்டிலேயே மேடையேறினாள். லொறியைச் சொன்னாள், அட்டையைச் சொன்னாள், மேடைப் பலகை தடதடக்கக் குதித்தும் காட்டினாள். மண்டபமே அதிர்ந்தது. பெரியவர் பக்கத்து ஆளின் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கரண்ட் வந்ததும் ஜெயராசாவின் கையைப் பிடித்து, "படம் பிரமாதம்!" என்றார்.

படத்துக்குப் பரிசு கிடைத்தது. இரண்டாம் பாகத்துக்கு உத்தரவும் வந்தது. இம்முறை கதையைச் சரிபார்க்கும் குழுவில் பிரஷாந்தினிக்கும் டிரம்ஸ்காரர் அழகருக்கும் நாற்காலி போட்டார்கள்.

கதை எழுதும் தயானி வாசித்தாள்: "பாடகி வரிகளை மறந்து, பல்லவியையே கடைசிவரை பாடுகிறாள்."

அழகர் கெக்கலித்துச் சிரித்தார்.

"அது வேணாம்," என்றாள் பிரஷாந்தினி.

"நடந்ததுதானேக்கா?"

"நடந்ததுனாலதான் வேணாங்கிறேன். பாட்டுக்காரிக்கு ஒரு மரியாதை இல்லையா?"

அழகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். தயானி அதை அடித்துவிட்டு அடுத்ததை வாசித்தாள்: "டிரம்ஸ்காரர் மேடையிலேயே குறட்டை விடுகிறார்."

அழகரின் சிரிப்பு நின்றது.

"அதையும் வெட்டுங்க," என்றார்.