பெங்குவின் வீட்டுக் கரகரப்பு

“அதோ! கேட்டுச்சா? இப்ப ஒரு கரகர!” என்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கத்தினான் கொழுந்தன். முகத்தில் பரிசு விழுந்த களை.

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே தம்பி,” என்றாள் அவள்.

“பழகிப் போச்சு அண்ணி. தினம் கேக்கிற காதுக்குத் தெரியாது.”

விஷயம் இதுதான். ஒலிப்புத்தகம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றுக்கு அவள் ஒரு நாவலின் முதல் அத்தியாயத்தைப் படித்துப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். பிடித்துப்போனால் முழு நாவலும் அவளுக்கே. காலையில் அங்கே ஃபோன் எடுக்கிற பெண் கூப்பிட்டாள். “அக்கா, உங்க குரல் சாருக்குப் பிடிச்சிருக்கு. ஆனா பின்னாடி கரகரன்னு வருதாம். சாயங்காலத்துக்குள்ள சுத்தமா வரலைன்னா வேற ஆளைப் பாக்கச் சொல்லிட்டார்.”

இந்தச் செய்தி கொழுந்தன் காதுக்கு எப்படிப் போனது என்று கேட்கக் கூடாது. மாமியாரிடம் ஃபோன் இருக்கிறது.

கொழுந்தன் கம்ப்யூட்டர் கடைக்காரன். அவள் வைத்திருக்கும் லேப்டாப்பே அவன் கழித்துப்போட்டதுதான். “இது செத்துப் போச்சு அண்ணி, ஜன்னல் அடிச்சுக்காம முட்டுக் குடுக்க வெச்சுக்கோங்க” என்று தானம் செய்தான். அவள் யாரையோ கேட்டு, எதையோ படித்து, அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றி எழுப்பி உட்காரவைத்துவிட்டாள். அதுகூடப் பரவாயில்லை. கொழுந்தனின் மாமனார் வீட்டார் எல்லாரும் கூடியிருந்த ஒரு நாளில் அதைத் திறந்து காட்டியதுதான் வம்பு. மூடியில் லினக்ஸின் சின்னமான பெங்குவின் படம் வேறு. அன்றிலிருந்து குடியிருப்பு முழுக்க அவளுக்குப் பெங்குவின் என்றே பெயர். கொழுந்தனும் அன்றிலிருந்து, ஊசியோடு அலையும் டாக்டர் மாதிரி, சட்டைப் பையில் விண்டோஸ் பென்டிரைவோடு அலைகிறான்.

“ஒரு மணி நேரம் குடுங்க. விண்டோஸ் போட்டுடறேன், எல்லாம் சரியாயிடும்.”

“அது இந்த வீட்டு வாசப்படி ஏறாது.”

“ஏறியாச்சே. பாக்கெட்ல இருக்கு.”

“பாக்கெட்லயே இருக்கட்டும்.”

சாட்சிக்குக் கணவன் அழைக்கப்பட்டான். தம்பிக்கும் மனைவிக்கும் நடுவில் காலம் தள்ளுகிறவன். கண்ணை மூடி முழுதும் கேட்டான். “இருக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு,” என்றான்.

“எனக்கு நல்லாவே கேக்குது,” என்றார் மாமியார். ஹெட்ஃபோன் இன்னும் அவர் பக்கம் போகவே இல்லை.

மூன்றாம் தடவை கேட்டபோது அவளுக்கும் கேட்டது. ஆமாம், கரகர. அடடா, இத்தனை நாளாக இது எப்படித் தெரியாமல் போயிற்று!

“லினக்ஸ்னா அப்படித்தான் அண்ணி, சவுண்டு சரியா வராது.”

“சாயங்காலத்துக்குள்ள வர வெக்கிறேன். வரலைன்னா உங்க பென்டிரைவை நானே சொருகறேன். போதுமா?”

மாமியார் நாற்காலியைக் கதவோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மைக்குக்கும் லேப்டாப்புக்கும் நடுவே ஒரு சிவப்பு டப்பா. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பார்கள். அதன் யூஎஸ்பி வயரை இடப்பக்கத்து ஓட்டையிலிருந்து பிடுங்கி வலப்பக்கத்தில் சொருகினாள். வலப்பக்கத்து ஓட்டை லொடலொடத்தது. வயர் ஆடும்போதெல்லாம் ‘டிக், டிக்’ என்றது. துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி வயரை இறுக்கினாள். இப்போது ‘டிக்’ போய் ‘டப்’ வந்தது.

அடுத்து இணையத்தில் புகுந்தாள். லினக்ஸ்காரர்கள் கூடும் ஓர் இடத்தில் ஒருவர், பஃபரைக் கூட்டு என்றார். பேச்சைக் கொஞ்சம் தேக்கிவைத்து அனுப்பும் தொட்டி அது. தாராளமாகவே கூட்டினாள். ஒரு வாக்கியம் சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியம் ஹெட்ஃபோனில் வந்து சேர்ந்தது. தன் குரல் தன்னைத் துரத்த, அவளுக்கு நாக்குக் குழறியது.

“பகல்லயே ஊத்தியாச்சா அண்ணி?” என்றான் கொழுந்தன்.

“வாயை மூடுங்க தம்பி.” ரோஷத்தில் பஃபரை அடிமட்டத்துக்குக் குறைத்தாள். காய்ந்த சருகின்மேல் யானை நடப்பதுபோல் ஒரு சத்தம். காலையிலிருந்து தேடிய கரகரப்பு இப்போது குடும்பத்தோடு வந்து இறங்கியது.

இன்னொருவர், ரேட்டைப் பார் என்றார். டப்பா ஒரு வேகத்தில் ஓட, லேப்டாப் வேறு வேகத்தில் ஓடினால் கரகரக்குமாம். பார்த்தாள், மாற்றினாள், பதிவு செய்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்பீக்கரில் ஓடவிட்டாள். காதல் நாவல். எருமை தொண்டையைச் செருமியதுபோல் ஒரு தடித்த ஆண் குரல், “கண்ணே, இன்னும் எத்தனை நாள் ஒளிந்து வாழ்வது?” என்று கேட்டது.

கணவன் குடையோடு கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான். “எவன்டா அது?”

“நான்தாங்க.”

“நீயா?”

“மெதுவா ஓடற நான்.”

“அலமாரியைத் திறந்து பாருடா,” என்றார் மாமியார் பின்னாலிருந்து. அவன் பார்த்தான். பார்த்தான் என்பதை அவள் வெகு நாள் மறக்கப்போவதில்லை.

கொழுந்தனுக்கு இரக்கம் வந்துவிட்டது. “கரண்டுல எர்த் கோளாறா இருக்கும் அண்ணி,” என்று சொல்லி, வீட்டில் ஓடுகிற ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போனான். ஃபிரிட்ஜ் நின்றது. மோட்டார் நின்றது. வாஷிங் மிஷின், மாமியாரின் துணிகளை வாயில் அடைத்துக்கொண்டு, கதவு பூட்டியபடியே நின்றது.

“மாத்துத் துணி மொத்தமும் அதுலதான்டா இருக்கு!”

“கொஞ்சம் பொறுத்துக்கம்மா. அண்ணி நாவல் படிக்கணும்.”

சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்றாமவர் ஒருவர், சத்தத்தைக் கவனிக்கிற பழைய மென்பொருளை நீக்கிவிட்டுப் புதியதைப் போடு என்று முன்பே எழுதியிருந்தார். நீக்கினாள், நீங்கியது. போட்டாள், இணையம் வரவில்லை. கொழுந்தன் அணைத்த வரிசையில் வைஃபை டப்பாவும் இருந்தது.

லேப்டாப்பில் இப்போது சத்தமே இல்லை. எந்த வழியாகச் சத்தம் வருகிறது என்று காட்டும் இடத்தில் ‘டம்மி அவுட்புட்’ என்று இரண்டே சொல் நின்றது.

கொழுந்தன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். “பேரைச் சொல்லியே கூப்பிடுது பாருங்க அண்ணி.” சொன்ன கையோடு பென்டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தான். “சொன்ன வார்த்தை ஞாபகம் இருக்கில்ல?”

கணவன் மெல்ல, “விடும்மா. சின்னவன் நல்லதுக்குத்தானே சொல்றான்,” என்றான்.

அவ்வளவுதான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“யாருக்கு நல்லது? செத்துப் போச்சுன்னு நீங்க தூக்கிப் போட்டதுல நான் ஒரு அத்தியாயம் படிச்சேன். குரல் பிடிச்சிருக்குன்னு ஊரான் சொல்றான். என்னைத் தவிர இந்த வீட்ல எல்லாருக்கும் கரகரன்னு கேக்குது! எனக்கு முதல்ல கேக்கலை. நீங்க சொல்லிச் சொல்லித்தான் கேட்டுச்சு. வைஃபையைப் போடுங்க!”

கொழுந்தன் போட்டான். அந்தக் குரலுக்கு யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள்.

காலையில் குறை சொல்லப்பட்ட அதே பதிவை எடுத்தாள். ஒரு நொடியைக்கூட வெட்டவில்லை, பெயரைக்கூட மாற்றவில்லை. ஒருமுறை கேட்டுவிட்டு அனுப்பலாம் என்றால் அதற்கும் வழியில்லை, டம்மி. “இதான் என் குரல், இதான் என் மெஷின். வேணும்னா எடுத்துக்கட்டும், வேணாம்னா போகட்டும். பிச்சையா கேக்கறேன்?” என்று சொல்லி அனுப்பும் பொத்தானைக் குத்தினாள். லேப்டாப் ஓர் அங்குலம் நகர்ந்தது.

வீடு கப்சிப். ஃபிரிட்ஜ்கூட இன்னும் பேசவில்லை.

ஃபோன் அடித்தது. கொழுந்தன்தான் முந்திக்கொண்டு ஸ்பீக்கரைத் தட்டினான். தோல்வியைச் சபையில் கேட்கவேண்டாமா?

“அக்கா! சார் அசந்துட்டார்!” என்றாள் கம்பெனிப் பெண். “குரல் மணி மாதிரி இருக்காம், ஒரு தூசு இல்லையாம். முழு நாவலும் உங்களுக்குத்தான். அப்படி என்னதான் பண்ணாங்கன்னு கேக்கச் சொன்னார்.”

கொழுந்தன் பென்டிரைவை எடுத்து, யாரும் பார்க்காத மாதிரி, எல்லாரும் பார்க்கப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

பெருமையாக ஏதாவது அளந்திருக்கலாம். அவளுக்கு அது வராது. “ஒண்ணுமே பண்ணலைம்மா. முதல்ல அனுப்பினதையேதான் திரும்பவும் அனுப்பினேன்.”

குரலைத் தாழ்த்திக்கொண்டு அந்தப் பெண் சொன்னாள்:

“ஐயோ, அதை வெளியில சொல்லிடாதீங்கக்கா... வந்ததையெல்லாம் கரகரங்குதுன்னு திருப்பிட்டே இருந்தார், மத்தியானம் நான்தான் அவர் காது மெஷினுக்குப் பேட்டரி மாத்திவிட்டேன்.”