கயல்விழியின் வெளிச்சத் தட்டும் கருவேப்பிலங்குறிச்சி மாப்பிள்ளையும்

விருத்தாசலம்,
ஐப்பசி, 2008.

மதிப்பிற்குரிய அக்கா வாசுகிக்கும் மாமாவுக்கும், தம்பி பழமலை பணிவோடு எழுதுவது. இங்கே நான், செல்வநாயகி, சூளை, சென்னையில் கயல்விழி எல்லோரும் சுகம். பண்ருட்டியில் உன் முழங்கால் வலியும் மாமாவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

"நான் பாத்து வெச்ச சம்பந்தத்த ஒம் பொண்ணு ஒரு மிசின வெச்சுக் கலைச்சிட்டாளே" என்று நீ போனில் அழுதாய். என்னைப் பேசவிடாமல் வைத்தும்விட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். அக்கா, கயல் மேலும் தப்பில்லை, மிசின் மேலும் தப்பில்லை. இதை நான் எந்தச் சபையிலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

முதலில் அது என்னவென்று தெரிந்துகொள். கயல் சென்னையில் ஆராய்ச்சிப் படிப்புக்காக வெளிச்சத்தை உணரும் ஆர்கானிக் கருவி ஒன்றை வடிவமைக்கிறாள். ஆர்கானிக் என்றதும் மாமா "சாணி போட்டுச் செய்யறதா?" என்று கேட்டாரே, அந்த ஆர்கானிக் இல்லை. கார்பன் கலந்த ரசாயனத்தில் செய்த மெல்லிய படலம், அவ்வளவுதான். உள்ளங்கை அகலத்தில் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருக்கிறது. அதன் முகத்தில் விழும் வெளிச்சம் வெளியே போக வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே ஓடி விளிம்பில் வந்து சேருகிறது. கூரை முழுக்கப் பெய்கிற மழை ஒரே குழாயில் கொட்டுகிற மாதிரி. விளிம்பில் ஒட்டியிருக்கும் அந்தப் படலம் அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் மங்கல் வெளிச்சத்துக்கே 'கீக்' என்று கத்தும். அடியில் ஒழுகுகிற வெளிச்சத்தை மேலே திருப்பிவிட வெள்ளைப் பீங்கான் ஏனம் ஒன்று கேட்டாள். பியூஸ் கட்டை செய்கிற என் சூளையிலேயே பால் மாதிரி மெருகு போட்டுச் சுட்டுக் கொடுத்தேன். ஆக, கண்டுபிடிப்பில் பாதி என்னுடையது. அவள் அப்படி இல்லை என்கிறாள், அது இருக்கட்டும்.

அன்று சாயங்காலம் பெண் பார்க்கக் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா தர்மராஜ் குடும்பத்தோடு வந்தார். பெருமைக்காக நான்தான் அந்தத் தட்டை லட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மழைக்கு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது, வழக்கம்போல கரண்டும் போய்விட்டது, செல்வநாயகி மெழுகுவர்த்தி தேடி உள்ளே போனாள், கூடம் கும்மிருட்டு. அப்போது 'கீக்' என்றது. "என்னாம்மா அது, எலியா?" என்றார் தர்மராஜ். கயல், "இல்லீங்க, எங்கயோ போன் வெளிச்சம் வருதுங்க. அதத்தான் காட்டுது" என்றாள். மாப்பிள்ளை கார்முகில் மேசைக்கு அடியில் இருந்த போனை அவசரமாகச் சட்டைப்பையில் போட்டான். மறுபடியும் 'கீக்'. அக்கா, சட்டைப்பைக்குள் இருக்கிற வெளிச்சத்தைக்கூட அது கண்டுபிடித்தது என்றால் என் மகளின் அறிவைப் பார்! பையன் பையைக் கையால் பொத்திக்கொண்டான். அதற்கும் 'கீக்'. அவன் எழுந்தே நின்றுவிட்டான்.

"மாமா, மன்னிச்சிடுங்க. இதுக்கு மேல மறைக்க முடியாது. ஆக்னஸ்னு ஒரு பொண்ணு, எங்க ஆபீஸுதான். அவகிட்டதான் மெசேஜ்ல பேசிக்கினு இருந்தேன். வூட்ல சொல்ல பயம்" என்று என்னிடம் சொன்னான். அவன் அம்மாவின் கையிலிருந்த லட்டு வாய்க்குப் போகாமல் நின்றது. தர்மராஜ், "மொதல்ல அந்தத் தட்ட மூடும்மா!" என்று கத்தினார். "மூடிட்டா அவுரு சொன்னது இல்லன்னு ஆயிடுங்களா?" என்றாள் கயல். பிறகு பையனிடம் திரும்பி, "இப்பவாவது சொன்னீங்களே, காப்பி ஆறுது, குடிங்க" என்றாள். என் பெண் முகத்தில் வருத்தம் தேடினேன். இல்லை. தோளிலிருந்து மூட்டையை இறக்கியவள் மாதிரி இருந்தாள். ஆராய்ச்சி முடியும்வரை கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னதை நாம்தான் காதில் வாங்கவில்லை.

நேற்று தர்மராஜே போன் செய்தார். ரெண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தாராம், பையன் அசையவில்லையாம். ஆக்னஸ் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாராம். "பொண்ணு தங்கமா இருக்குது" என்கிறார். கல்யாணத்துக்குப் பிற்பாடு தெரிந்திருந்தால் எத்தனை பேர் வாழ்க்கை கெட்டிருக்கும்? என் மகளின் கருவி ஒரு பொய்யைப் பிடித்து இரண்டு பெண்களைக் காப்பாற்றியது. இனி யார் கேட்டாலும் நீயும் இப்படியே சொல்.

மாமாவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு ஆசிகள். பழமலைநாதர் உங்கள் அனைவரையும் குறைவில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி,
பழமலை

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் கயல் சென்னையிலிருந்து கூப்பிட்டாள். தட்டைப் பிரித்துப் பார்த்தாளாம். நம்மூர் மழை ஈரத்தில் அந்தப் படலம் அவர்கள் வருவதற்கு முன்தினமே செத்துப்போயிருந்ததாம். ஒரு ஒயர் லூசாகித் தானாகவே கத்தியிருக்கிறது. அன்றைக்கு அது எந்த வெளிச்சத்தையும் பார்க்கவேயில்லை. கல்யாணம் முடிகிறவரை கார்முகிலுக்கு இது தெரிய வேண்டாம்.