சந்தன நிறப் பாவும் ஒரு போல்ட்டும்

“கை வைக்காதீங்க” என்று யாராவது சொன்னால்தான் எனக்குக் கை ஊறும். ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியனுக்கு இது பெரிய குறை என்று என் மனைவி சரோஜா கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவருகிறாள். ஆனால் அந்தக் குறை ஒரு பெண்ணின் முகூர்த்தப் புடவையில் போய் முடிந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

பக்கத்திலிருக்கும் ஓரிக்கையிலிருந்து வீடு திரும்பும்போது காரை ஒரு பள்ளத்தில் இறக்கிவிட்டேன். முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் வளைந்துவிட்டது. வீட்டு வாசலில் நின்ற காரை மெக்கானிக் குனிந்து பார்த்தார். “போல்ட்டு துரு ஏறிக் கடக்குது சார். நாளைக்கு மத்யானம் வந்து கழட்டுறேன். நீங்க கை வெக்காதீங்க.” (சொல்லிவிட்டாரா, முடிந்தது.)

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு நெசவாளர் கன்னியப்பனும் வந்தார். “காலைல பாவு நீட்றேன் சார். வண்டிய கொஞ்சம் அப்பால தள்ளிடுங்க.” தறியில் ஏற்றும் முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்ததைச் சேர்ப்பதுதான் பாவு நீட்டுவது. அந்த நேரத்தில் எங்கள் தெருவில் பால்காரர்கூட வண்டியை நிறுத்திவிட்டு நடந்துதான் வருவார். “அதுக்கென்னப்பா” என்றேன்.

விடிந்ததும் தள்ளத்தான் போனேன். ஆனால் ஒரு போல்ட் அப்படி என்னதான் பிடிவாதம் பிடிக்கும் என்று பார்த்துவிடத் தோன்றியது. ஜாக்கி வைத்து, சக்கரத்தைக் கழற்றி, மண்ணெண்ணெயும் பழைய என்ஜின் ஆயிலும் கலந்த டப்பாவோடு அடியில் புகுந்தேன். போல்ட்டின் தலை எனக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. கையை வளைத்து ஸ்பேனரை மாட்டினேன். அசையவில்லை. எண்ணெய் விட்டேன், சுத்தியலால் தட்டினேன், காதை வைத்துக்கூடக் கேட்டேன். (எதை என்று கேட்காதீர்கள்.)

கன்னியப்பன் பாவுச் சுருளோடு வந்தபோது கார் மூன்று காலில் நின்றது.

“இன்னா சார் இது?”

“இதோ ஆயிடுச்சுப்பா.”

“வெயில் ஏறிக்கினு வருது சார். சரி, ஓரமா நீட்டிக்கிறேன். நீங்க மட்டும் கொஞ்ச நேரம் சும்மா இருங்க.”

காரை ஒட்டிச் சந்தன நிறத்தில் பாவு விரிந்தது. சின்ன காஞ்சிபுரத்துப் பெண் ஒருத்தி தானே தேடிப் பிடித்த நிறம், அவளுடைய கல்யாணத்துக்கு.

சும்மாதான் இருந்தேன். அப்போது போல்ட்டைச் சுற்றிக் கொஞ்சம் துருப்பொடி உதிர்ந்ததுபோல் தெரிந்தது. அசைந்திருக்குமோ? நெம்புகோல் நீண்டால் குறைந்த விசை போதும் என்று எத்தனை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஸ்பேனரின் வாலில் இரும்புக் குழாய் ஒன்றைச் செருகி இழுத்தேன். ‘டப்’ என்றது. கழன்றேவிட்டது என்று நினைத்த அந்த நொடியில் நான் அடைந்த பெருமைக்கு அளவில்லை. கழன்றது போல்ட்டின் தலை மட்டும். குழாய் வீசிக்கொண்டு போய் டப்பாவை அடித்தது. டப்பா எகிறிப் பாவின் மேல் கவிழ்ந்தது.

சந்தனத்தின் நடுவே கறுப்பும் பழுப்புமாக ஒரு பெரிய திட்டு.

கன்னியப்பன் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “பொண்ணு ஊட்ல இன்னான்னு சொல்றது சார்?” என்று மட்டும் கேட்டார்.

வாசலில் நின்ற சரோஜா சொன்னாள்: “அவரையே கூட்டிட்டுப் போங்கப்பா. பாடம் நடத்தத்தான் அவருக்கு நல்லா வருமே.”

போனோம். பெண்ணின் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீங்க மெக்கானிக்கா?” என்றார்.

“இல்லம்மா. பிசிக்ஸ் வாத்தியார்.”

உள்ளேயிருந்து பெண் எட்டிப் பார்த்தாள். “மா, இவரு எங்க சாரு. நெம்புகோல் பாடம் இவருதான் எடுத்தாரு.” பிறகு என்னிடம், “எந்தப் பக்கம் சுத்துனீங்க சார்?”

“இடது பக்கம்.”

“உங்களுக்கு இடதா, போல்ட்டுக்கு இடதா?”

அந்தக் கூடத்திலேயே கையை வளைத்துக் காற்றில் சுற்றிப் பார்த்தேன். காலை முழுக்க நான் அதை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் சிரித்தாள், அம்மா சிரிக்கவில்லை. கறையை மறைக்கப் பாவு முழுக்க அரக்குச் சாயம் ஏற்றுவது ஒன்றுதான் வழி என்றார் கன்னியப்பன். சந்தன நிறத்தை அந்தப் பெண் விட்டுக்கொடுத்தாள். அரக்கு அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் கல்யாணத்தன்று மணமேடையில் அவளை நிமிர்ந்து பார்க்காமலே மொய்க் கவரை நீட்டினேன். “எனக்குக் கலர் செலக்ட் பண்ணுன சார்” என்று மாப்பிள்ளையிடம் என்னை அறிமுகப்படுத்தினாள்.

இப்போதும் எங்கள் தெருவில் பாவு நீட்டும் காலைகளில் கன்னியப்பன் முதலில் எங்கள் கதவைத்தான் தட்டுகிறார்.

“மா, ஸ்பேனர் உள்ள இருக்குதா?”

“ஸ்பேனரும் உள்ள இருக்கு, சாரும் உள்ள இருக்காரு” என்கிறாள் சரோஜா. “நீங்க தைரியமா நீட்டுங்க. நான் பூட்டிக்கிறேன்.”