மறுபடியும் உருட்டுகிறவர்

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். மறுபடியும் உருட்டுகிறவர் என்று இந்த இனத்துக்குப் பெயர். சீட்டாட்டத்தில் மட்டமான கை வந்தால் கலைத்தது சரியில்லை என்பார். பூவா தலையாவில் தோற்றால் நாணயத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மூன்று ஜோசியர்கள் பார்த்த ஜாதகத்தை நாலாமவரிடம் நீட்டி, பிறந்த நேரம் ஐந்து நிமிடம் முன்னே பின்னே இருக்கலாம் என்று சொல்லி, சனியையே ஒரு கட்டம் தள்ளி உட்காரச் சொல்வார். தோற்பது அவரா? ஒருநாளும் இல்லை.

தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த சண்முகசுந்தரம் இந்த இனத்தில் முதல் தரம். 1978இல் அவருடைய மாமா மகள் ஜெயபாரதி அமெரிக்காவில் படிப்பை முடித்துக்கொண்டு அபிராமபுரத்து வீட்டுக்குத் திரும்பினாள். இருவருக்கும் கல்யாணம் பேசலாம் என்று பெரியவர்கள் ஒரு ஞாயிறு பிற்பகல் அவரை வரச்சொன்னார்கள். அவள் பெட்டியிலிருந்து ஒரு புது விளையாட்டை எடுத்தாள். ஆளுக்கு ஒரு வீரன். மூன்று பகடைகளை உருட்டி, அவனுக்கு வலிமை, அறிவு, அழகு என்று ஆறு குணங்கள் எவ்வளவு எனக் குறித்துக்கொண்டு, அவள் சொல்லும் கதைக்குள் இறங்க வேண்டும். மூன்று மட்டம், பதினெட்டு உச்சம். ஆள் போதவில்லை என்று மின்விசிறி பழுதுபார்க்க வந்த பொன்னுரங்கத்தையும் உட்காரவைத்தாள்.

பொன்னுரங்கத்துக்கு அழகு மூன்று விழுந்தது.

"கரீட்டுதான். என் பொண்டாட்டியும் அத்தயேதான் சொல்லிக்கினு கீறா" என்று எழுதிக்கொண்டார்.

சண்முகசுந்தரத்துக்கு அறிவு நான்கு.

"இது செல்லாது. தரை சாய்வா இருக்கு" என்றார். இரண்டாம் முறை ஐந்து வந்தது. பாயின் ஓரம் தட்டிவிட்டதாம். பிறகு நான்கு பகடைகளை உருட்டிக் குறைந்ததைக் கழிக்கலாம் என்றார். கழித்தும் எட்டுதான். கடைசியில் பகடையே வேண்டாம், ஆளுக்கு மொத்தம் எழுபத்திரண்டு புள்ளி கொடுத்தால் ஆறு குணங்களுக்கும் அவரவரே பங்கிட்டுக்கொள்ளலாம் என்று சட்டமே இயற்றினார்.

"சரி அத்தான், நீங்க பங்கு போடுங்க. நாங்க ஆரம்பிக்கிறோம்" என்றாள் ஜெயபாரதி.

அவர் அழகிலிருந்து இரண்டு எடுத்து அறிவில் போட்டு, மனசு கேட்காமல் திரும்ப எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், பொன்னுரங்கம் குகை வாசலில் நின்றார். உள்ளே புதையலைக் காக்கும் அரக்கி.

"அவகிட்ட நயமாப் பேசலாம். ஆனா உங்க அழகு மூணுதான்" என்றாள் ஜெயபாரதி.

"அதனால இன்னாம்மா? மொதல்ல பந்தத்த அணைக்கிறேன். இருட்டுல மூஞ்சி எங்க தெரியப்போவுது?"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். புதையல் பொன்னுரங்கத்துக்கே கிடைத்தது. சண்முகசுந்தரம் காகிதத்தை அழித்து அழித்து ஓட்டையாக்கியிருந்தார்.

அவர் போனபின் ஜெயபாரதியின் அம்மா கேட்டாள், "என்னடி, பேசிமுடிக்கலாமா?"

"வேண்டாம்மா. நாளைக்கு என்னையும் சாய்வா விழுந்துட்டாள்னு சொல்வாரு."

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். போன வெள்ளிக்கிழமை சாமி முன்னால் வெள்ளைப்பூ ஒன்று, சிவப்புப்பூ ஒன்று பொட்டலம் கட்டிப் போட்டுப் பார்த்தபோது, வேண்டாத பூ வந்ததும் "மூன்று தரம் பார்த்தால்தான் கணக்கு" என்றது உங்கள் வீட்டில் யார்?